ஒண்ணுன்னா போறேன், ரெண்டுன்னா வந்துட்டேன்

என் வாலுப்பொண்ணுக்கு,

அம்மா எழுதுறேன். நீ காய்ச்சல் தலைவலி எதுவும் அண்டாம, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, இழுத்துப் போத்திக்கிட்டு நிம்மதியா தூங்குறேன்னு நினைச்சுக்கிட்டே ஆரம்பிக்கிறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். நல்லா இருக்கோமான்னு நீ கேப்பே, அதைச் சொல்லத்தான் உக்காந்திருக்கேன். என்னடா இது அம்மா பேனாவைத் தொட்டுட்டாளேன்னு சிரிக்காதே, ஒன்பதாம் கிளாஸ்ல புத்தகப் பையைத் தூக்கி வீசிட்டு வந்தவதான், எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வருது, ஆனா போன்ல சொன்னா நீ பாதியிலயே சரிம்மா சரிம்மான்னு வெச்சிடுவே. கடிதத்தை அப்படி வெக்க முடியாது பாரு. கோபம் வந்து கசக்கினாலும் அப்புறம் பிரிச்சுப் பாப்பே, உன்னை எனக்குத் தெரியும்.

அப்பா காலு பரவாயில்ல. பிளேட் வெச்ச இடத்துல வீக்கம் வடிஞ்சிருக்கு, ஊன்றுகோல் ரெண்டுல ஒண்ணு போதும்னு டாக்டர் சொல்லிட்டாரு, இவர்தான் ரெண்டையும் விட மாட்டேங்கிறாரு. நாள் பூரா வீட்டுல உக்காந்து எதையாவது கழட்டிக்கிட்டே இருக்காரு. மிக்ஸியைக் கழட்டி மாட்டியாச்சு, சுவர்க் கடிகாரத்தைக் கழட்டி மாட்டியாச்சு, அது இப்ப கால் மணி நேரம் முன்னாடி ஓடுது, அதைக் கேட்டா முன்னாடி ஓடுனா நல்லதுதானே நீதான் தினமும் லேட்டுங்கிறாரு. எனக்கு வேலை வழக்கம்போலதான், ஆஸ்பத்திரிப் போர்வை வந்துக்கிட்டே இருக்கு, நான் இஸ்திரி போட்டுக்கிட்டே இருக்கேன், எங்க லாண்டிரி சூப்பர்வைசர் முறைப்பு மேல நின்னு முறைச்சுக்கிட்டே இருக்காரு. வீட்டுக்கு வந்தா இவருக்கு வெந்நீர், கட்டு, மாத்திரை, மறுபடி துணி. இடுப்பு விட்டுப் போச்சுடி. இன்னைக்கு லீவு, மத்தியானம் இவர் தூங்குறாரு, அடுப்பு வேலை முடிஞ்சுது, அதான் எழுதுறேன்.

போன வாரம் உன் லெட்டர் வந்துச்சு. சத்தமா அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அடுத்த மாசத்துல இருந்து ஞாயித்துக்கிழமை ஷிஃப்ட் முழுக்க உன் பொறுப்புன்னு எழுதியிருந்தே. அத்தனை பெரிய குளிர்பதனக் கிடங்குக்கு ஒரே மெக்கானிக் நீதான், மேல வந்து நச்சரிக்க ஒருத்தனும் இல்ல, தனியா விடுறாங்கன்னா நம்பி விடுறாங்கன்னு அர்த்தம்னு ரெண்டு தடவை எழுதியிருந்தே. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. அப்புறம் கீழ ஒரு வரி, ஃப்ரீஸர் ரூம் கதவுக்கு உள்பக்கக் கைப்பிடி ஆடுதும்மா சில நேரம் திறக்காது, ஆனா நான் யாரு, ஒரு மரக்கட்டையை இடுக்குல வெச்சிட்டுத்தான் உள்ள போவேன், அதோட நம்ம வீட்டு முறை இருக்கே, உள்ள போறப்ப உனக்குப் போன்ல ஒரு ரிங் அடிக்கிறேன், வெளிய வந்ததும் ரெண்டு அடிக்கிறேன், கவலைப்படாதேன்னு. நான் படிச்சுட்டுச் சிரிச்சேன். அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு பாருங்கன்னு சொன்னேன். திரும்பிப் பாத்தா மனுஷன் கையில இருந்த டம்ளரைக் கீழ வெச்சிட்டு சுவரையே பாத்துக்கிட்டு இருக்காரு. அன்னைக்குச் சாப்பிடல. மறுநாள் காலையில நான் வேலைக்குக் கிளம்புறப்ப, கதவுகிட்ட கூப்பிட்டு, அன்னைக்கு நானும் கதவு இடுக்குல ஒண்ணு வெச்சிட்டுத்தான் இறங்கினேன்னு சொன்னாரு. அதுவரைக்கும் அது எனக்கே தெரியாது.

இப்ப நீ கோபப்படுவே. படு. அப்பா வீட்டுப் படியில வழுக்கி விழுந்துட்டாருன்னு உங்கிட்ட சொன்னது பொய். வேலைக்குப் போன இடத்துல, லிஃப்ட் குழியிலதான் கால் முறிஞ்சுது. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு ஆஸ்பத்திரிக் கட்டில்லயே எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. ஏன்னா உனக்கு முதல் முதலா ஸ்பேனர் பிடிக்கக் கத்துக் குடுத்தப்ப, முதல்ல கரண்டை நிறுத்து அப்புறம் கையை வைன்னு சொன்னவர் அவர்தானே. அதையே அவர் பண்ணலைன்னு எப்படிச் சொல்லுவாரு.

நடந்தது இதுதான். எட்டு மாடிக் கட்டடம் ஒண்ணு இருக்குல்ல, அப்பா மாசம் ரெண்டு தடவை லிஃப்ட் பாக்கப் போவாரே, அங்க. குழிக்குள்ள தண்ணி கசியுதுன்னு பாக்கப் போயிருக்காரு. ரெண்டு ஆள் இருந்தா ஒருத்தன் மொட்டை மாடி மெஷின் ரூம்ல மெயினை அணைச்சுட்டு அங்கயே நிப்பான், ஒருத்தன் குழியில இறங்குவான். தனியா போனா எட்டு மாடி நடந்து ஏறி அணைச்சு, எட்டு மாடி நடந்து இறங்கி வேலை பாத்து, மறுபடி ஏறிப் போட்டு, மறுபடி இறங்கணும். நாலு வருஷமா தனியாத்தான் போறாரு. முட்டி என்னத்துக்கு ஆகும். அதனால அவரா ஒரு வழி வெச்சிருக்காரு, கீழ்தளக் கதவைச் சாவி போட்டுத் திறந்து, அது மூடாம இருக்க டூல் பையை இடுக்குல வெச்சிடுறது. கதவு திறந்திருந்தா லிஃப்ட் நகராது, அவ்வளவுதான். குழிக்குள்ள ஒரு சிவப்பு பட்டன் இருக்கும், அதை அமுக்கினாலும் நிக்கணும், அந்த பட்டன் செத்துப் போய் மாசக்கணக்காச்சு, மூணு தடவை எழுதிக் குடுத்தும் யாரும் வரல. வேலை நடக்குதுன்னு எழுதின போர்டு வண்டியிலயே இருந்துச்சு. பத்து நிமிஷ வேலைக்கு அது எதுக்குன்னு விட்டுட்டாரு.

அந்தக் கட்டடத்துல கீழ் வீட்டுல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருக்காரு. தங்கமான மனுஷன். அவர் அந்தப் பக்கம் வந்திருக்காரு, பையைப் பாத்திருக்காரு, அடடா நம்ம லிஃப்ட்காரர் பையை மறந்து வெச்சிட்டுப் போயிட்டாரே, யாராவது தூக்கிட்டுப் போயிடப் போறாங்கன்னு பத்திரமா எடுத்துக்கிட்டுப் போய் வாட்ச்மேன் ரூம்ல வெச்சிருக்காரு. அவ்வளவுதான் அவர் பண்ணினது. கதவு தானா மூடிக்கிச்சு. குழி இருட்டாயிடுச்சு. அப்பா பதறி ஏணியில ஏறிக் கதவைத் திறக்கப் பாக்குறாரு, மேல யாரோ பட்டனை அமுக்க, லிஃப்ட் இறங்க ஆரம்பிச்சுது. ஏணியில இருந்தா நசுங்கிடுவோம்னு குதிச்சிருக்காரு. அடியில பெரிய ஸ்பிரிங் இருக்கும்ல, அதுல கால் மாட்டி முறிஞ்சு போச்சு. அப்புறம் ஓரமா ஒட்டிப் படுத்துட்டாரு. லிஃப்ட் கீழ்தளத்துக்கு வந்து நின்னா, அதோட அடிப்பக்கத்துக்கும் இவருக்கும் நடுவுல ரெண்டு முழம். போகும், வரும், போகும், வரும். முப்பத்தி நாலு தடவை வந்துச்சுன்னு சொல்றாரு. எண்ணியிருக்காருடி. வேற என்ன பண்றது அங்க.

இப்ப என் பங்கு. இதை நான் யார்கிட்டயும் சொல்லல, அவர்கிட்டயும் சொல்லல.

உனக்குத் தெரியும், பதினோரு வருஷமா நம்ம வீட்டு முறை அதுதான். ஒண்ணு அடிச்சா போறேன், ரெண்டு அடிச்சா வந்துட்டேன். வேலை இடத்துல போன் எடுத்துப் பேசினா முறைப்பு கத்துவாரு, இவருக்குக் கையெல்லாம் கிரீஸு, அதனால ரிங் விட்டு கட் பண்றதுன்னு நாந்தான் ஆரம்பிச்சு வெச்சேன். போன் என் ஏப்ரன் பாக்கெட்டுல வைப்ரேஷன்ல இருக்கும். கையால இஸ்திரி ஓடும், இடுப்பு தானா எண்ணிக்கும். அன்னைக்குப் பத்தரைக்கு ஒண்ணு அடிச்சுது. சரி, மனுஷன் இறங்கிட்டாரு. பத்தே முக்கால் இருக்கும், ஒரு தடவை அடிச்சு நின்னுச்சு. அப்புறம் இன்னொரு தடவை அடிச்சு நின்னுச்சு. ரெண்டு. வந்துட்டாரு. நான் போர்வையை மடிச்சு வெச்சிட்டு டீ குடிக்கப் போனேன்.

குழியில சிக்னல் இல்ல. ஒரு ரிங் போகும், கட் ஆகும். கால் முறிஞ்சு கிடந்த மனுஷன் என்னைக் கூப்பிட்டிருக்காரு, கட் ஆயிடுச்சு, மறுபடி கூப்பிட்டிருக்காரு, கட் ஆயிடுச்சு. அதை வாங்கி நான் நிம்மதின்னு எண்ணி பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். அன்னைக்கு டீ நல்லா இருந்துச்சு. அதுகூட ஞாபகம் இருக்கு. பக்கத்து மேஜைக்காரிகிட்ட எங்க வீட்டுக்காரர் வேலையை முடிச்சிட்டாரு, சாயங்காலம் சீக்கிரம் வந்துடுவாருன்னு வேற சொன்னேன். ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் அவர் கேட்டது, போன் வந்துச்சான்னு. போனை லாக்கர்ல வெச்சுப் பூட்டிட்டேன், பாக்கலைன்னு சொல்லிட்டேன். பொய். அதுக்கப்புறம் எதுவுமே கேக்கல.

யார் காப்பாத்தினா தெரியுமா. எட்டாம் மாடியில ஒரு அம்மா இருக்காங்க, அப்பா ஹெட் ஆபீஸ்னு பேர் வெச்சிருக்காரே, அந்த அம்மாதான். லிஃப்ட் குலுங்குது, லிஃப்ட் முனகுது, லைட் மங்குதுன்னு வாரம் ஒரு தடவை கம்பெனிக்குப் புகார் பண்றவங்க. அவங்க பேரைக் கேட்டாலே அப்பாவுக்கு ரத்தம் கொதிக்கும், அந்த அம்மாவுக்கு லிஃப்ட்டைத் தவிர வேற நினைப்பே கிடையாதும்பாரு. ஒரு மணிக்குக் கடைக்குப் போயிட்டு அந்த அம்மா வந்திருக்காங்க, லிஃப்ட்ல கால் வெச்சதும் காலுக்கடியில டங் டங்குன்னு சத்தம். இவர் ஸ்பேனரால கம்பியைத் தட்டிக்கிட்டே இருந்திருக்காரு. ரெண்டேகால் மணி நேரமா அத்தனை பேர் ஏறி இறங்கியிருக்காங்க, எல்லாரும் பழைய லிஃப்ட், சத்தம் போடுதுன்னு போயிட்டாங்க. இந்த அம்மாவுக்குத்தான் அந்த லிஃப்ட்டோட ஒவ்வொரு சத்தமும் மனப்பாடமாச்சே. இது புதுச் சத்தம்னு உடனே தெரிஞ்சிருக்கு. கதவு மூடினாத்தானே நகரும்னு காலை நடுவுல வெச்சிக்கிட்டாங்க. கம்பெனி நம்பரையும் யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆள் வந்து மேல மெயினை அணைக்கிற வரைக்கும் முக்கால் மணி நேரம், காய்கறிப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, கதவு வந்து வந்து காலை இடிக்க, நகரவே இல்லையாம். வாத்தியார் ஓடி வந்தவர் விஷயம் தெரிஞ்சு அப்படியே தரையில உக்காந்துட்டாராம், பாவம், அவரை நான் எதுவும் சொல்ல மாட்டேன். அப்பாவை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போறப்ப அந்த அம்மா குனிஞ்சு, இனிமேலாவது இந்த லிஃப்ட்டைச் சரி பண்ணுவீங்களான்னு கேட்டாங்களாம். இப்பவும் வாரம் ஒரு தடவை போன் பண்றாங்க. புதுசா வர்ற ஆள் சரியில்லையாம், எப்ப வருவீங்கன்னு கேக்குறாங்க. முன்னெல்லாம் அந்த நம்பரைப் பாத்தா முகத்தைச் சுளிப்பாரு. இப்ப எழுந்து உக்காந்து பேசுறாரு.

கம்பெனியில இருந்து ஒருத்தர் வந்தாரு, ஆப்பிள் வாங்கிட்டு, ஒரு ஃபைலும் எடுத்துக்கிட்டு. ரெண்டு பேர் இல்லாம குழியில இறங்கக் கூடாதுன்னு விதி இருக்காம். ஆமா, விதி இருக்கு. அப்பாவோட ஜோடியா இருந்தாரே சோடா மாமா, அவர் வேலையை விட்டுட்டுப் போய் நாலு வருஷம். வேற ஆள் போடல. ஆனா நோட்டுல ரெண்டு கையெழுத்து வேணும், ரெண்டு இல்லைன்னா வேலை முடிஞ்ச மாதிரி கணக்கு இல்ல. அதனால அப்பா தன் கையெழுத்தை நேராப் போட்டுட்டு, சோடா மாமா கையெழுத்தைச் சாய்ச்சுப் போட்டுக்கிட்டு வந்திருக்காரு, நாலு வருஷமா. போடச் சொன்னதும் அவங்கதான், இப்ப நோட்டைப் புரட்டி, ரெண்டு பேர் போயிருக்கீங்களே, இன்னொருத்தர் எங்கன்னு கேக்குறதும் அவங்கதான். காகிதத்துல இவர் ஒரு நாள்கூட தனியா போகல பாரு. விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவுன்னு எழுதிக் கையெழுத்து கேட்டாங்க. கால் முறிஞ்சதுக்கு நேரா ஒண்ணு போட்டாரு. சாய்ச்சு ஒண்ணு போட வேண்டாமான்னு நான் கேட்டேன், வந்தவருக்கு மூஞ்சி செத்துப் போச்சு.

இப்ப சொல்றேன் கேளு. உன்னை நம்பித் தனியா விடலடி. ஆள் இல்லாம தனியா விடுறாங்க. அதைப் பெருமைன்னு நீ எடுத்துக்கிட்டா அவங்களுக்கு ஒரு சம்பளம் மிச்சம், அவ்வளவுதான். நீ கெட்டிக்காரி, யார் இல்லைன்னா. அப்பாவும் கெட்டிக்காரர்தான். நாலு வருஷம் அந்தப் பை அங்கயேதான் இருந்துச்சு, ஒரு நாள் இல்ல. உன் மரக்கட்டையும் இருக்கும் இருக்கும், ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிப் பெருக்க வர்றவங்க, இதென்னடா குளிரெல்லாம் வெளிய போகுதேன்னு நல்ல மனசோட எடுத்து ஓரமா வெச்சிட்டுப் போவாங்க. அந்தக் குளிர்ல எவ்வளவு நேரம் தாங்கும்னு நீதான் எனக்கு ஒரு தடவை சொன்னே, நான் திருப்பி எழுத மாட்டேன். நீ உள்ள இருந்து எனக்கு அடிப்பே, ஒரு ரிங் போகும், கட் ஆகும், மறுபடி அடிப்பே. நான் இங்க போர்வையை மடிச்சிட்டு டீ குடிக்கப் போவேன்.

அதனால முதல்ல அந்தக் கைப்பிடி மாறணும். மாறாத வரைக்கும் உள்ள போக மாட்டேன்னு சொல்லு, வாயால சொல்லாதே, எழுதிக் குடு, ஒரு காப்பி நீ வெச்சுக்கோ. ரெண்டாவது, நீ உள்ள இருக்குறப்ப வெளிய ஒரு ஆள் வேணும், மெக்கானிக்கா இருக்கணும்னு இல்ல, கேட்ல உக்காந்திருக்குறவங்களா இருந்தாலும் சரி, உள்ள போறேன் இத்தனை நிமிஷத்துல வரலைன்னா வந்து கதவைத் திறங்கன்னு சொல்லி, அவங்க சரின்னு சொன்னதுக்கு அப்புறம் போ. போன்ல அடையாளம் காட்டுறதெல்லாம் வேணாம். ஆள் வந்து பாக்கணும். இதுக்கெல்லாம் மேலதிகாரி, என்னம்மா பயமா இருக்கான்னு கிண்டல் பண்ணுவாரு. ஆமா சார் பயமாத்தான் இருக்குன்னு சொல்லிடு. அதுல ஒரு வெக்கமும் இல்ல. வேலை போனா வேற வேலை, நான் இருக்கேன், போர்வை இருக்கு. தனியா வேலை பாக்க ஒத்துக்கிறேன்னு காகிதம் நீட்டினா கையெழுத்து போடாதே, நேராவும் போடாதே சாய்ச்சும் போடாதே.

இவ்வளவு தூரம் எழுதுறப்பவே அப்பா எழுந்துட்டாரு. என்ன எழுதுறேன்னு கேட்டாரு. வாலுக்குன்னு சொன்னேன். எல்லாத்தையுமான்னு கேட்டாரு. சத்தியத்தை உடைச்சிட்டேன்னு சொன்னேன். குடுன்னு கையை நீட்டினாரு. குடுக்காம மறைக்கலாம்னு ஒரு நிமிஷம் நினைச்சேன், அலுத்துப் போச்சுடி மறைச்சு மறைச்சு, குடுத்துட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முதல்ல இருந்து படிச்சாரு. என் பங்கு வந்த இடத்துல நான் அடுப்படிக்குப் போயிட்டேன், சும்மா ஒரு பாத்திரத்தை ரெண்டு தடவை கழுவினேன். அப்புறம் கூப்பிட்டாரு.

எனக்கு அப்பவே தெரியும்னு சொன்னாரு. ரெண்டாவது தடவை ரிங் கட் ஆனதுமே அந்தக் குழியிலயே தெரிஞ்சுபோச்சாம். ஐயோ ரெண்டு ஆயிடுச்சே, இவ இப்ப நான் வந்துட்டேன்னு நினைச்சிருப்பாளேன்னு. அதைக் கலைக்கணும்னு மூணாவது அடிச்சுப் பாத்திருக்காரு, அதுக்குள்ள போன் செத்துப் போச்சாம். அது வந்திருந்தாத்தான் என்ன, மூணு அடிச்சா என்ன அர்த்தம்னு நாம வெச்சுக்கவே இல்லையேன்னாரு. பதினோரு வருஷத்துல ஒரு தடவைகூட நமக்குத் தோணலையேன்னாரு. சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்னு வெச்சுக்கோ. அப்புறம் பேனாவை வாங்கி அவர் கையால ஒரு வரி எழுதுறேன்னாரு, அப்புறம் நீயே எழுதுன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. முதல்ல கரண்டை நிறுத்துன்னு சொன்னவன் சொல்றேன், அந்தக் கட்டையை இன்னைக்கே தூக்கிப் போடச் சொல்லுங்கிறாரு. எழுதிட்டேன்.

நீ எங்க இருந்தாலும் கை கால் சுகத்தோட, நாலு பேர் கண்ணு முன்னாடி, நூறு வருஷம் நல்லா இருக்கணும். ராத்திரி தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட படுக்காதே. குளிர் ரூமுக்குப் போறப்ப ரெண்டு சாக்ஸ் போடு. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் போன் பண்ணு. ரிங் விட்டு கட் பண்ணாதே. எனக்கு ஒண்ணும் வேணாம், ரெண்டும் வேணாம், மூணும் வேணாம். நான் எடுக்குற வரைக்கும் விடாம அடி, எடுத்ததும் பேசு, உனக்கு எதிர்ல என்ன இருக்குன்னு கேப்பேன், பாத்துச் சொல்லு, அப்பத்தான் நீ வெளிய இருக்கேன்னு நம்புவேன். முறைப்புகிட்ட சொல்லிட்டேன், இனிமே போன் வந்தா இஸ்திரிப் பெட்டியை அப்படியே நிமித்தி வெச்சிட்டு எடுப்பேன், கத்துறதா இருந்தா கத்திக்கோங்கன்னு.

இப்படிக்கு,
இனிமே எண்ணாம எடுக்கப் போற
உன் அம்மா